கட்டற்ற மென்பொருளைக் கொண்டு ஜி.ஐ.எஸ். கற்பிப்பது எப்படி: கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு கைக்குறிப்பு

ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமையின் மென்பொருளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எவ்வளவு தவறான தரவைக் கொடுத்தாலும் அது முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, திசைகாட்டியும் அளவுகோலும் வண்ணக் குறிவிளக்கமும் சேர்ந்த அழகான படத்தைப் போட்டுத் தந்துவிடும். படம் வந்துவிட்டதே என்று மாணவரும் மகிழ்வார், நேரமில்லாத ஆசிரியரும் மதிப்பெண் போட்டுவிடுவார். படத்துக்குள் இருக்கும் எண் பத்து மடங்கு பிசகியிருந்தாலும் இருவருக்கும் தெரியாது. முதுகலைப் புவியியல், குடிசார் பொறியியல், வேளாண்மை, நகரமைப்பு ஆகிய துறைகளில் இந்தப் பாடத்தை நடத்துவோருக்காக எழுதும் இக்குறிப்பில், ஒவ்வொரு பாடத்தையும் தவறான ஒரு விடையிலிருந்து தொடங்கும் முறையையே பரிந்துரைக்கிறேன். தவறு எங்கே நுழைந்தது என்று மாணவர் தேடிப் போக வேண்டுமானால் கருவியின் உட்புறம் திறந்திருக்க வேண்டும். நிலப்படம் வரைந்து ஆராயும் கியூஜிஐஎஸ், கிராஸ், தரவு வடிவங்களை மாற்றும் ஜிடால், தரவுத்தளத்துக்கான போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை நான் தேர்ந்தெடுப்பதற்கு உரிமக் கட்டணம் இல்லை என்பது இரண்டாம் காரணம்தான்.

ஆய்வக ஏற்பாடு

நான் இந்தப் பாடத்தை முதன்முதலில் நடத்திய ஆண்டில் முதல் இரண்டு வாரங்கள் மென்பொருளை நிறுவுவதிலேயே கழிந்தன. பாதிக் கணினிகளில் ஒரு பதிப்பும் மீதியில் வேறொரு பதிப்பும் ஏறியிருந்ததால், நான் திரையில் காட்டிய பொத்தான் பின்வரிசை மாணவர்களின் திரையில் இல்லவே இல்லை. கியூஜிஐஎஸ் ஏறத்தாழ நான்கு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது; அவற்றுள் ஆண்டுக்கு ஒன்றை நீண்டகால ஆதரவுப் பதிப்பாக அறிவித்து, ஓராண்டு முழுவதும் பிழைகளை மட்டும் திருத்தி வருகிறது. அந்தப் பதிப்பின் நிறுவல் கோப்பை ஒருமுறை இறக்கி, ஆய்வகத்தின் பொதுக் கோப்புறையில் வைத்து, எல்லாக் கணினிகளிலும் மாணவர்களின் மடிக்கணினிகளிலும் அதையே ஏற்றுங்கள். பருவத்தின் நடுவில் பதிப்பை மாற்றாதீர்கள். பயிற்சித் தரவுகளையும் அதே கோப்புறையில் முன்கூட்டியே இட்டுவிட்டால், அறுபது பேர் ஒரே நேரத்தில் செயற்கைக்கோள் படத்தை இறக்க முயன்று இணையம் படுத்துவிடும் நிலை வராது. கோப்புறைப் பெயர்களில் இடைவெளியைத் தவிர்க்கும் பழக்கத்தையும் முதல் நாளே ஏற்படுத்திவிடுங்கள், பின்னால் கிராஸ் கருவிகளை அழைக்கும்போது அதன் அருமை தெரியும்.

கருவிகளின் வரலாற்றைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். கிராஸ் 1982-ல் அமெரிக்க ராணுவத்தின் கட்டுமானப் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி 1999-ல் ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்துக்கு வந்தது, கியூஜிஐஎஸ் 2002-ல் கேரி ஷெர்மன் தனி ஆளாகத் தொடங்கியது. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் வணிக மென்பொருளின் பெயர்தானே இருக்கிறது என்று ஒரு மாணவராவது கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி அது. பொத்தான்களின் இடத்தை வேறொரு மென்பொருளில் இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பதும், படிப்பு முடிந்த மறுநாளும் தன் மடிக்கணினியில் உரிமச் சிக்கலின்றிப் பயிற்சியைத் தொடரலாம் என்பதும் என் பதில்.

புலப்படமும் அ-பதிவேடும்

வெக்டர் தரவு என்றால் என்ன, பண்பு அட்டவணை என்றால் என்ன என்று வரையறைகளோடு தொடங்கினால் வகுப்பு தூங்கிவிடும். தமிழ்நாட்டு மாணவர்கள் பலரின் வீட்டில் நிலம் உண்டு, பட்டா உண்டு, சர்வே எண் என்ற சொல் காதில் விழாமல் வளர்ந்தவர்கள் குறைவு. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் புலப்படம் நிலத்தின் வடிவத்தைக் காட்டுகிறது. அ-பதிவேடு அந்த நிலத்தின் வகைப்பாடு, பரப்பு, தீர்வை ஆகியவற்றைச் சொல்கிறது. இரண்டையும் இணைப்பது சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும். பலகோண அடுக்கு, பண்பு அட்டவணை, இணைப்புத் திறவுகோல் என்ற மூன்றையும் இந்த ஒரே எடுத்துக்காட்டில் சொல்லிவிடலாம். நிலம் உட்பிரிவாகும்போது பதிவேட்டில் மாற்றம் ஏறிப் புலப்படத்தில் ஏறாமல் போனால் என்ன சிக்கல் வருமென்று கேட்டுப் பாருங்கள், தரவுத்தளத்தின் ஒருமைப்பாடு பற்றிய பாடத்தை மாணவர்களே உங்களுக்கு நடத்துவார்கள்.

ஆயத்தொலை முறைக்கு மூன்று வாரம்

பதினைந்து வாரப் பருவத்தில், இடத்தை எண்களால் குறிக்கும் இந்த முறைக்கு மூன்று வாரம் ஒதுக்குவது அதிகம் என்று பாடத்திட்டக் குழுவில் சிலர் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னால் வரும் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

முதல் வாரத்தில் சென்னையின் இருப்பிடத்தை அட்சம் 13.08, தீர்க்கம் 80.27 என்று ஒரு எளிய அட்டவணையில் எழுதச் சொல்லி, கியூஜிஐஎஸ்ஸில் கிடை அச்சுக்கு அட்சத்தையும் குத்து அச்சுக்குத் தீர்க்கத்தையும் வேண்டுமென்றே மாற்றிக் கொடுக்கச் செய்யுங்கள். சென்னை ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகளுக்குச் சற்று வடக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வகுப்பு சிரித்து முடித்ததும், முதலில் சொல்லவேண்டியது எந்த எண் என்ற கேள்வியை எழுப்பலாம். பேச்சிலும் பாடநூலிலும் அட்சம் முன்னே வருகிறது, மென்பொருளின் எக்ஸ் அச்சுக்கோ தீர்க்கம்தான் உரியது.

இரண்டாம் வாரப் பயிற்சி பரப்பளவைப் பற்றியது. தமிழ்நாட்டின் எல்லைக் கோப்பை ஈபிஎஸ்ஜி 4326 என்ற அட்ச-தீர்க்க முறையில் கொடுத்து, ஃபீல்டு கால்குலேட்டரில் ஜியோமெட்ரியைச் சுட்டும் ஏரியா சார்பைக் கொண்டு பரப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். 10.8-ஐ ஒட்டிய ஓர் எண் வரும். அது சதுர பாகை, அந்த அலகில் எந்த நிலமும் அளக்கப்படுவதில்லை. அடுத்து, இணையப் பின்னணிப் படங்கள் பயன்படுத்தும் ஈபிஎஸ்ஜி 3857-க்கு அடுக்கை மாற்றி மீண்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,35,000 சதுர கிலோமீட்டர் கிடைக்கும். மாநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பது பள்ளிப் பாடத்திலேயே உள்ளதால், இந்த 4 விழுக்காடு எங்கிருந்து முளைத்தது என்ற கேள்வி தானாக எழும். 3857 குறிக்கும், உருண்டைப் புவியைத் தட்டையாக்கிக் காட்டும் வெப் மெர்க்கேட்டர் புரொஜெக்‌ஷன் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பை ஊதிக் காட்டும்; நம் அட்சத்தில் 4 விழுக்காடாக இருப்பது 60 பாகையில் நான்கு மடங்காகும். இறுதியாக டாலர் குறியுடன் தொடங்கும் ஏரியா சொல்லைப் பயன்படுத்தினால், மென்பொருள் திட்டத்தில் புவியின் வடிவமாக அமைத்துள்ள நீள்கோளத்தின் மேல் கணக்கிட்டுச் சரியான விடைக்கு அருகில் வரும். எல்லைக் கோப்பு எவ்வளவு நுணுக்கமாக வரையப்பட்டது என்பதைப் பொறுத்துச் சிறு வேறுபாடு இருக்கும். ஒரே கோப்பு, ஒரே மென்பொருள், மூன்று விடைகள்: இதைத் தன் கையால் செய்து பார்த்த மாணவர் அதன்பின் அலகைக் கேட்காமல் எந்த எண்ணையும் நம்புவதில்லை.

மூன்றாம் வாரத்தில், புவியைத் தீர்க்கரேகைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூ.டி.எம். மண்டலங்களுக்கு வரலாம். கற்பிப்பவருக்குத் தமிழ்நாடு இங்கே ஒரு நல்வாய்ப்பைத் தருகிறது. 43, 44 ஆகிய மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கரேகை மாநிலத்தின் ஊடே செல்கிறது. கோயம்புத்தூர், திருநெல்வேலி, திண்டுக்கல் நகரம் ஆகியவை மேற்கே 43-ல் அமைய, மதுரை, சேலம், சென்னை ஆகியவை கிழக்கே 44-ல் அமைகின்றன. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையின் நீளத்தை அளக்கச் சொன்னால் எந்த மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதம் வகுப்பில் சூடுபிடிக்கும். அந்த விவாதத்தின் போக்கிலேயே, அடுக்கின் ஆயத்தொலை முறையை அறிவிப்பதும் அதை வேறொரு முறைக்கு மாற்றுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். செட் லேயர் சி.ஆர்.எஸ். என்பது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுகிறது. ரீபுரொஜெக்ட் லேயர்தான் எண்களை மாற்றி எழுதுகிறது. அடுக்குகள் பொருந்தவில்லை என்றதும் பெயர்ப்பலகையை மாற்றிப் பார்க்கும் பழக்கம் மாணவர்களிடம் மட்டுமல்ல, சில ஆய்வுக் கட்டுரைகளிலும் உண்டு.

நில அளவைத் துறையின் பழைய நிலப்படத் தாள்களான டோப்போ ஷீட்டுகளைப் பயன்படுத்தும் துறைகள் இன்னும் ஒரு படி போக வேண்டும். அவை எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை, இன்றைய ஜி.பி.எஸ். கருவிகள் டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐப் பயன்படுத்துகின்றன. இரண்டையும் ஒன்றெனக் கருதிப் படத்தைப் பொருத்தினால் நூறு மீட்டருக்கு மேல் விலகும், கோவில் குளம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். இந்திய நில அளவையின் மாபெரும் முக்கோணவாக்கத்துக்கான அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் 1802-ல் அளந்தது சென்னைப் பரங்கிமலையில்தான். சென்னைக் கல்லூரிகள் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அந்தக் கோட்டைத் திரையில் வரைந்து அளக்கச் செய்யலாம்.

தமிழ் எழுத்தும் கோப்பு வடிவமும்

ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவம் இன்னும் எங்கும் புழங்குகிறது. அதில் அட்டவணைப் பத்தியின் பெயருக்குப் பத்து பைட் மட்டுமே இடம். எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப். 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிப்பதால், ‘மக்கள்தொகை’ என்று பெயரிட்ட பத்தியில் மூன்று குறியீடுகளுக்கு மேல் தங்காது; மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறியீடாகவே எண்ணப்படுவதால் ‘மக்’ என்பதோடு கதை முடிந்துவிடும். ‘மக்கள் அடர்த்தி’ என்று இன்னொரு பத்தி இருந்தால் அதற்கும் இதே கதிதான். ஷேப்ஃபைல் என்பது உண்மையில் நான்கைந்து கோப்புகளின் கூட்டம் என்பதை அறியாமல், ஒன்றை மட்டும் பென்டிரைவில் எடுத்துவந்து திறக்கவில்லையே என்று நிற்கும் மாணவரை ஆண்டுதோறும் பார்க்கலாம். தமிழில் பெயர்களைப் பதிவு செய்யும் வகுப்புகள் முதல் நாளிலிருந்தே ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு மாறிவிடுவது நல்லது. எல்லா அடுக்குகளும் ஒரே கோப்பில் அடங்கும், பத்திப் பெயருக்கு இந்தக் கட்டுப்பாடும் இல்லை.

எக்செல் வழியாக வரும் ஆபத்து இதைவிடப் பெரியது. தமிழ்ப் பெயர்கள் உள்ள அட்டவணையை வெறும் சி.எஸ்.வி. என்று சேமித்தால் எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாகிவிடும், அவற்றை மீட்கவும் முடியாது. பட்டியலில் யூ.டி.எஃப். 8 என்று தனியாகக் குறிப்பிட்டுள்ள சி.எஸ்.வி.-யைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2011 மக்கள்தொகையும் 38 மாவட்டங்களும்

புள்ளிவிவரத்தை நிலப்படத்தோடு இணைக்கும் பயிற்சிக்கு 2011 கணக்கெடுப்பைவிடச் சிறந்த தரவு இல்லை, ஏனெனில் அதில் எல்லாச் சிக்கலும் இருக்கின்றன. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் அட்டவணையில் ஒருவிதமாகவும் எல்லைக் கோப்பில் வேறுவிதமாகவும் திருவள்ளூரும் காஞ்சிபுரமும் எழுதப்பட்டிருக்கும், தூத்துக்குடிக்கு இரண்டு பெயர்களே உண்டு. பெயரால் இணைத்தால் சில மாவட்டங்கள் வெறுமையாக நிற்கும். சென்னைக்கு 603 என்பதுபோலக் கணக்கெடுப்புத் துறை தரும் குறியீட்டெண்ணால் இணைக்கலாம் என்று மாணவர்கள் கண்டுபிடிப்பார்கள். அப்போது ஒரு கோப்பில் அது எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருப்பதால் மறுபடி இணையாது. இந்த இரண்டு முட்டுக்கட்டைகளையும் அவர்களே தாண்ட விடுங்கள், விடையை முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது சிக்கல் ஆழமானது. 2011-ல் மாவட்டங்கள் 32. 2019-ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவையும் 2020-ல் மயிலாடுதுறையும் உருவானதால் இன்று 38. புதிய மாவட்டங்களைத் தாய் மாவட்டங்களோடு டிஸால்வ் கருவியால் ஒன்றாக்கி 32-க்குத் திரும்பிவிடலாம் என்று வகுப்பில் கெட்டிக்காரர் ஒருவர் சொல்வார். எண்ணிக்கை திரும்பிவிடும், எல்லை திரும்பாது. சென்னை மாவட்டம் 2018-ல் மாநகராட்சி எல்லைக்கேற்ப விரிந்து ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகிவிட்டது. 2011-ன் 46,46,732 பேரை இன்றைய பலகோணத்தின் பரப்பால் வகுத்தால் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்குப் பதினோராயிரத்துக்குள் அடங்கும். கணக்கெடுப்பு அறிக்கையிலோ 26,553 என்று இருக்கும். படத்தில் எந்தப் பிழையும் தெரியாது, எண் மட்டும் பாதிக்கும் கீழே விழுந்திருக்கும். எல்லைக் கோப்பு எந்த ஆண்டினது என்று கேட்கும் பழக்கத்தை இதைவிட அழுத்தமாக ஏற்படுத்தும் பயிற்சியை நான் கண்டதில்லை.

இதே தரவைக் கொண்டே நிறப்பிரிப்பையும் முடித்துவிடலாம். மொத்த மக்கள்தொகையை வைத்து நிறமிட்டால் சென்னையும் 39,98,252 பேர் வாழ்ந்த அன்றைய காஞ்சிபுரமும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் தெரியும். அடர்த்தியில் அவற்றுக்கிடையே ஏறத்தாழ முப்பது மடங்கு வேறுபாடு உண்டு. அடர்த்தியை எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் ஐந்து வகுப்புகளாகப் பிரித்தால், சென்னை மட்டும் அடர்நிறத்தில் நிற்க, மற்ற 31 மாவட்டங்களும் அடிவகுப்பில் ஒரே வெளிறிய நிறத்தில் கிடக்கும். நடுவிலுள்ள மூன்று வகுப்புகளில் ஒரு மாவட்டம்கூட இராது. வகுப்புதோறும் சம எண்ணிக்கை வைக்கும் குவான்டைல் முறைக்கும் இயற்கை இடைவெளி முறைக்கும் மாற்றிப் பார்த்து, எந்தப் படம் எதை மறைக்கிறது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

புழல் ஏரியின் நீர்ப்பரப்பு

கட்டம் கட்டமாக மதிப்பைச் சேமிக்கும் ராஸ்டர் தரவின் பாடத்துக்கு 2019 கோடையில் வறண்ட புழல் ஏரியை எடுத்துக்கொள்வது என் வழக்கம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பச்சை நிறத்துக்கான 3-ஆம் பட்டையும் அண்மை அகச்சிவப்புக்கான 8-ஆம் பட்டையும் 10 மீட்டர் பிரிதிறன் கொண்டவை. 2018 ஜூன், 2019 ஜூன் ஆகிய மாதங்களின் மேகமற்ற படங்களில் பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க் குறியீடு கிடைக்கும். சுழியத்துக்கு மேற்பட்ட கட்டங்களை எண்ணி நூறால் பெருக்கினால் நீர்ப்பரப்பு சதுர மீட்டரில் வந்துவிடும். இதை கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரிலும் கிராஸின் ஆர்.மேப்கால்க் கருவியிலும் செய்ய வைப்பது பயன் தரும். முன்னது தசம எண்ணாகவே விடை தரும். பின்னது முழு எண் படங்களை முழு எண்ணாகவே வகுப்பதால் ஏறத்தாழ எல்லாக் கட்டங்களிலும் சுழியம் வந்து நிற்கும், ஃப்ளோட் என்று குறிப்பிட்டால்தான் சரியாகும்.

பிற்காலப் படங்களோடு ஒப்பிட விரும்பும் மாணவர்களுக்காக ஒரு பள்ளம் காத்திருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் புதிய முறையில் பதப்படுத்தப்படும் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு கட்டத்தின் மதிப்போடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. பழைய முறைப்படி நீரின் பச்சை மதிப்பு 600, அகச்சிவப்பு 300 என்றால் குறியீடு 0.33, ஆயிரத்தைக் கழிக்காமல் 1600, 1300 என்று வைத்துக் கணக்கிட்டால் அதே நீருக்கு 0.10 வரும். சுழியத்தை எல்லையாக வைத்தவர்களுக்குக் குறி மாறாததால் பாதிப்பில்லை. 0.2-ஐ எல்லையாக வைத்தவரின் ஏரியோ ஒரே ஆண்டில் வற்றிவிடும். படத்தோடு வரும் மேல்தரவுக் கோப்பைத் திறந்து பார்க்கச் சொல்ல இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஆகாயத்தாமரை படர்ந்த ஏரியையும் ஒன்று கொடுங்கள். இலைகள் அகச்சிவப்பை வலுவாகத் திருப்பி அனுப்புவதால் நிறைந்து தளும்பும் ஏரியும் தரை என்றே பதிவாகும். எண் சொல்வது போதாது, போய்ப் பார்க்கவும் வேண்டும் என்பதை அந்த ஏரிக்கரையில் நின்று சொன்னால் மறக்காது. நீர்ப்பிடிப்புப் பகுதியை உயரத் தரவிலிருந்து வரையும் பயிற்சியிலும் இதே எச்சரிக்கை தேவை. 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்த எஸ்.ஆர்.டி.எம். தரவின் 30 மீட்டர் கட்டத்தில் பல ஏரிக்கரைகள் பதியவே இல்லை, அதனால் கணினி வரையும் ஓடை கரையைத் துளைத்துக்கொண்டு போகும். மேல் ஏரியின் கலங்கல் நீர் எந்த ஏரிக்குச் செல்லும் என்பதை ஊர்ப் பெரியவரிடம் கேட்டுத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

களப்பணி

கைப்பேசியில் கியூஃபீல்டு செயலியை ஏற்றி, வளாகத்தின் மரங்களையோ தெருவின் கைப்பம்புகளையோ பதிவு செய்வது ஒரு நாள் வேலை. படிவத்தில் தட்டச்சு செய்யும் இடங்களைக் குறைத்துத் தேர்வுப் பட்டியல்களை வையுங்கள். இல்லையெனில் ‘வேம்பு’, ‘வேப்பமரம்’, ‘வேப்பம்’ என்று மூன்று இனங்கள் முளைத்துவிடும். திறந்த வெளியில் கைப்பேசியின் துல்லியம் ஏறத்தாழ ஐந்து மீட்டர் என்பதால், பத்தடி இடைவெளியில் நிற்கும் இரண்டு மரங்கள் இடம் மாறித் தெரிவதை மாணவர்கள் காணட்டும். சேகரித்ததை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்ற விரும்பினால், வணிக நிலப்படச் சேவைகளிலிருந்து பெயர்களைப் படியெடுக்கக் கூடாது என்ற உரிம விதியை முதலில் விளக்கிவிட்டு, தெருப்பெயர்களைத் தமிழிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

நிரலும் தேர்வும்

பைத்தானைக் கடைசி மூன்று வாரங்களுக்கு ஒத்திப்போடுங்கள். அதற்கு முன்பே மாணவர்கள் நிரலைத் தம்மை அறியாமல் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்: ஜிடால் கருவிகளின் உரையாடல் பெட்டியின் அடியில், பொத்தானை அழுத்தினால் இயங்கப்போகும் கட்டளை வரி முழுதாகத் தெரிகிறது, மற்றக் கருவிகளிலும் அட்வான்ஸ்டு பட்டியலில் பைத்தான் கட்டளையாகப் படியெடுக்கும் வசதி உண்டு. 38 மாவட்டங்களுக்கும் தனித்தனியாகப் படத்தை வெட்டும் வேலையை ஒருமுறை கையால் செய்யவைத்து, அலுத்துப்போன பின் அந்த வரியை ஒரு சுழற்சிக்குள் வைக்கக் கற்றுக்கொடுத்தால், நிரலாக்கம் தெரியாது என்று ஒதுங்கியவர்களும் முன்வரிசைக்கு வருவார்கள்.

தேர்வுக்குப் புதிய படம் வரையச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். முடிக்கப்பட்ட ஒரு கியூஜிஐஎஸ் திட்டக் கோப்பைத் தந்து, இதில் ஐந்து பிழைகள் உள்ளன, கண்டுபிடித்து ஒவ்வொன்றையும் எப்படிச் சோதித்தாய் என்று எழுது என்பதே கேள்வி. பெயர்ப்பலகை மாற்றப்பட்ட அடுக்கு ஒன்று, மண்டலம் தவறிய கோயம்புத்தூர்ப் புள்ளிகள், 2018-க்குப் பிந்தைய சென்னை எல்லை, ஆயிரம் கழிக்கப்படாத ராஸ்டர், தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஒரு பலகோணம் ஆகியவற்றை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாற்றி வைக்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு மாணவி ஆறு பிழைகளை எழுதியிருந்தார். ஆறாவது, நான் அறியாமல் செய்தது; குறிவிளக்கத்தில் ஹெக்டேர் என்று எழுதிவிட்டு எண்களைச் சதுர மீட்டரில் விட்டிருந்தேன். அதற்கும் சேர்த்தே மதிப்பெண் போட்டேன்.